வேலூர் வெயிலில் வியர்வை சென்சார்: அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழிமுறை

வாட்ஸ்அப்பில் ஒரு மெசேஜைப் படிக்கும்போது உடம்பு என்ன செய்கிறது என்பதைக் கையில் கட்டிய சென்சாரால் பிடிக்க வேண்டும். காட்பாடி, பாகாயம் பக்கம் கடைசி வருட ப்ராஜெக்ட் செய்யும் பிள்ளைகள் விரும்பி எடுக்கும் தலைப்புகளில் இதுவும் ஒன்று. சென்சார் விலை அதிகமில்லை, கிராஃப் பார்க்க அழகாக இருக்கும், வைவாவில் பேச விஷயம் கிடைக்கும். தொல்லை எல்லாம் டேட்டா கைக்கு வந்த பிறகுதான். அதனால் அறிகுறி வாரியாக எழுதியிருக்கிறேன். உங்கள் கிராஃபில் தெரிவது எதுவோ அந்தத் தலைப்புக்கு நேரே போகலாம். அடுத்த பத்தியை மட்டும் எல்லாரும் படித்துவிடுங்கள்.

விரலிலோ மணிக்கட்டிலோ மாட்டும் வியர்வை சென்சார் அளப்பது தோலின் மின்கடத்தலை. மனது கிளர்ந்தால் சிம்பதெடிக் நரம்பு மண்டலம் (பதற்றத்தில் உடம்பைத் தயார்ப்படுத்தும் தானியங்கி நரம்புகள்) வியர்வைச் சுரப்பிகளைத் தூண்டும். கண்ணுக்கு வியர்வை தெரிவதற்கு முன்பே தோல் மின்சாரத்தைக் கொஞ்சம் எளிதாகக் கடத்தத் தொடங்கிவிடும். அலகு மைக்ரோசீமன்ஸ். கிராஃபில் இரண்டு சங்கதி இருக்கும். நிமிடக் கணக்கில் மெதுவாக ஏறி இறங்குவதைத் தரைமட்டம் என்று வைத்துக்கொள்வோம். விரலில் அளந்தால் பெரும்பாலும் 2 முதல் 20 மைக்ரோசீமன்ஸுக்குள் நிற்கும். அதன்மேல் சில நொடிகளில் எழுந்து அடங்குவதை மேடு என்போம். மெசேஜுக்கான எதிர்வினையைத் தேட வேண்டிய இடம் இந்த மேடு. தூண்டல் வந்து 1 முதல் 3 நொடி கழித்து மேடு கிளம்பும். உச்சிக்குப் போக இன்னும் அவ்வளவு நேரம் ஆகும். இறங்குவதற்கு ஏறியதைவிட அதிக நேரம் பிடிக்கும். 0.05 மைக்ரோசீமன்ஸுக்குக் குறைந்த எழுச்சியைப் பலர் கணக்கில் சேர்ப்பதில்லை.

கோடு எழும்பவே இல்லை

விரலைச் சந்தேகப்படும் முன் கருவியைச் சோதியுங்கள். தோலைத் தொடும் இரண்டு எலக்ட்ரோடுக்கும் (உலோக முனைக்கும்) நடுவில் ஒரு ரெசிஸ்டரை, அதாவது மின்தடைத் துண்டை, வையுங்கள். 100 கிலோ ஓம் வைத்தால் 10 மைக்ரோசீமன்ஸ் வர வேண்டும், 1 மெகா ஓம் வைத்தால் 1. வரவில்லை என்றால் கோளாறு வயரிலோ கணக்கிலோ இருக்கிறது, சென்சார் மாட்டிய ஆளிடம் இல்லை.

க்ரோவ் ஜிஎஸ்ஆர் என்ற வியர்வை சென்சார் போர்டு வாங்கியவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. விரலில் மாட்டாமல் இருக்கும்போது சீரியல் மானிட்டரில் (போர்டு அனுப்பும் எண்ணைக் கணினியில் காட்டும் ஜன்னலில்) 512 வரும்வரை போர்டில் உள்ள சின்னத் திருகைத் திருப்பி வைக்க வேண்டும். அப்புறம், அதில் வரும் எண் கடத்தல் கிடையாது. எண் குறையக் குறைய மின்தடை குறைகிறது, அதாவது கடத்தல் கூடுகிறது. எண்ணை அப்படியே கிராஃப் போட்டுவிட்டு, கோடு இறங்கியதால் ஆள் அமைதியாகிவிட்டார் என்று எழுதினால் முடிவு தலைகீழாகப் போய்விடும். தயாரிப்பாளர் தரும் சமன்பாட்டில் போட்டு மின்தடையாக்கி, அதைத் தலைகீழாக்கிக் கடத்தலாக மாற்றிய பிறகுதான் எதையும் பேச வேண்டும்.

கருவி சரி என்றால் அடுத்தது தோல். தேங்காயெண்ணெய் தடவிய தலையைக் கோதிய கையோடு வந்து உட்கார்ந்தால் எண்ணெய்ப் படலம் நடுவில் நிற்கும். சாதாரணத் தண்ணீரில் கழுவித் துடைத்தால் போதும். சானிடைசரும் ஸ்பிரிட்டும் வேண்டாம், தோலை உலர்த்திவிடும். ஜெல் போடும் எலக்ட்ரோடு என்றால் எந்த ஜெல் என்று பாருங்கள். மருந்துக் கடையில் சுலபமாகக் கிடைப்பது ஈசிஜி ஜெல். அதில் பெரும்பாலும் உப்பு அதிகம். இந்த வேலைக்குத் தேவை 0.5 சதவீத அளவுக்கு உப்புள்ள, வியர்வையோடு ஒத்துப்போகும் ஜெல். உலர் எலக்ட்ரோடு என்றால் மாட்டிவிட்டுப் பத்து நிமிடமாவது காத்திருங்கள். ஆளின் சொந்த ஈரம்தான் அங்கே இணைப்பு.

எல்லாம் ஆன பிறகு ஆளைச் சட்டென்று ஒரு முறை ஆழமாக மூச்சிழுக்கச் சொல்லுங்கள். சில நொடியில் ஒரு மேடு எழ வேண்டும். அப்போதும் எழாவிட்டால், ஆரோக்கியமானவர்களிலேயே சிலருக்கு இந்த மேடு லேசில் வராது என்பது தெரிந்த விஷயம். அவரை நன்றி சொல்லி அனுப்பிவிட்டு, அவர் விலக்கப்பட்டதை அறிக்கையில் எழுதுங்கள்.

கோடு ஏறிக்கொண்டே போகிறது, இறங்குவதில்லை

வேலூரில் வேலை செய்பவர்களுக்குப் பெரிய தலைவலி இதுதான். மலையில் மரமில்லை, ஆற்றில் தண்ணீரில்லை என்று இந்த ஊரைக் கேலி செய்வார்கள். சட்டையில் வியர்வை இல்லை என்று மட்டும் யாரும் சொன்னதில்லை. கத்திரி வெயிலில் 40 டிகிரி தாண்டுவது இங்கே செய்தியே இல்லை. வியர்வைச் சுரப்பிக்கு இரண்டு எஜமானர்கள்: ஒன்று மனக் கிளர்ச்சி, இன்னொன்று உடம்பைக் குளிர்விக்கும் வேலை. இரண்டுக்கும் ஒரே குழாய் என்பதால் சென்சாருக்கு வித்தியாசம் தெரியாது.

ஆனால் இடத்துக்கு இடம் வித்தியாசம் உண்டு. உள்ளங்கை, விரல், உள்ளங்காலில் உள்ள சுரப்பிகள் மனசுக்கு அதிகமாகவும் வெப்பத்துக்குக் குறைவாகவும் பதில் சொல்லும். மணிக்கட்டில் இந்த விகிதம் மாறும். அங்கே வெப்பத்தின் கை ஓங்கும். வாட்ச் மாதிரி மணிக்கட்டில் கட்டும் பட்டை வசதிதான், ஆனால் இந்த ஊரில் மே மாதம் மணிக்கட்டில் அளந்து மனசைப் பற்றிப் பேசுவது துணிச்சல். என்னைக் கேட்டால், கோடையில் விரலிலேயே அளங்கள். முடியாவிட்டால் ஏசி அறை. அதுவும் முடியாவிட்டால் ஜூலைக்குத் தள்ளிப்போடுங்கள். ப்ராஜெக்ட் தேதி தள்ளிப்போகாது என்பீர்கள். சரி, காலை எட்டு மணிக்கு முன்னால் செய்யுங்கள்.

சத்துவாச்சாரியிலிருந்து வெயிலில் பைக்கில் வந்தவரை உடனே உட்கார வைத்து அளக்காதீர்கள். கால் மணி நேரமாவது அதே அறையில், அதே மின்விசிறிக்குக் கீழே இருக்கட்டும். மின்விசிறி வேகத்தை நடுவில் மாற்றக் கூடாது. கரண்ட் போனால் அந்த நேரத்தைக் குறித்துக்கொண்டு அங்கேயே நிறுத்துங்கள். விசிறி நின்றதும் தரைமட்டம் ஏறத் தொடங்கும். அந்த நிமிடத்தில் ஆள் படித்துக்கொண்டிருந்த மெசேஜ் என்னவோ, அது பெரிய பதற்றத்தைக் கிளப்பியது போல டேட்டாவில் நிற்கும். காரணம் மின்வாரியம், மெசேஜ் இல்லை.

சந்தேகம் தீர ஒரு வழி உண்டு. தோல் வெப்பநிலையையும் சேர்த்து அளங்கள். பதற்றத்தில் விரலின் ரத்தக்குழாய்கள் சுருங்குவதால் விரல் லேசாகக் குளிரும். புழுக்கத்தில் விரல் சூடாகும். தரைமட்டமும் விரல் சூடும் சேர்ந்து ஏறினால் பழியை வானிலை மேல் போடுங்கள். மெதுவான ஏற்றத்தையும் மேட்டையும் பிரிக்க பைத்தானில் நியூரோகிட்2 போன்ற நூலகங்கள் இருக்கின்றன, பயன்படுத்தலாம். ஆனால் விரல் நனைந்து சென்சார் தன் உச்சவரம்பைத் தொட்டுத் தட்டையாகிவிட்டால் எந்த மென்பொருளும் போன மேட்டைத் திருப்பித் தராது.

சாப்பாட்டையும் கேளுங்கள். காரம் சாப்பிட்டால் வியர்க்கும், காபி குடித்தால் தரைமட்டம் ஏறும். ஆம்பூர் பிரியாணியை முடித்த கையோடு வந்தவரின் மத்தியான டேட்டாவை நான் நம்பமாட்டேன்.

செங்குத்தாகக் குதிக்கிறது, செங்குத்தாக விழுகிறது

உண்மையான மேடு சாய்வாக ஏறி, அதைவிடச் சாய்வாக இறங்கும். ஒரே நொடியில் 10 மைக்ரோசீமன்ஸ் தாவுவது உடம்பின் வேலை இல்லை. எலக்ட்ரோடு நகர்ந்திருக்கிறது. அந்தத் தாவலையும் இரு பக்கமும் ஐந்தைந்து நொடியையும் வெட்டிவிடுங்கள். நடுவில் கோடு இழுத்து ஒப்பேற்றினால் அந்த இடத்திலும் மேடு தேடும் நிரல் ஏமாறும்.

நகர்வதற்குக் காரணம் பெரும்பாலும் கட்டைவிரல். நம் ஆட்கள் போனை இரண்டு கையாலும் பிடித்து இரண்டு கட்டைவிரலாலும் டைப் செய்கிறார்கள். ஆராய்ச்சிக் கட்டுரைகள் சொல்வது போல அதிகம் பயன்படுத்தாத கையில் மாட்டினாலும் தப்பிக்க முடியாது. படிப்பதை மட்டும் அளப்பதென்றால் போனை மேசை மேல் ஸ்டாண்டில் நிறுத்தி, அளக்கும் கையைத் தொடையில் மல்லாத்தி வைக்கச் சொல்லலாம். பதில் எழுதுவதையும் அளக்க வேண்டுமென்றால் காலுக்குப் போங்கள். பாதத்தின் உட்பக்கம், கணுக்காலுக்குக் கீழே உள்ள இடம் விரலுக்கு நல்ல மாற்று. செருப்பை வாசலில் விட்டுவிட்டு வருகிற ஊரில் இதற்குத் தயக்கமே இருக்காது. மணிக்கட்டில் பட்டை கட்டுவதென்றால் அந்தக் கையில் வளையல் வேண்டாம்.

எதுவும் நடக்காதபோதும் மெல்லிய அலை ஓடுகிறது

லேப்டாப் சார்ஜரைப் பிடுங்குங்கள். அலை நின்றுவிட்டால் அது 50 ஹெர்ட்ஸ் மின்வழி இரைச்சல், அதாவது நொடிக்கு 50 முறை ஊசலாடும் வீட்டு மின்சாரத்தின் கலப்பு.

நிறையப் பேர் இங்கே ஒரு கேள்வி கேட்பார்கள்: 50 ஹெர்ட்ஸ் என்றால் வேகமான நடுக்கமாகத்தானே தெரிய வேண்டும், இது இருபது நொடிக்கு ஒரு முறை ஏறி இறங்குகிறதே? காரணம் உங்கள் நிரல். 100 மில்லிநொடி இடைவெளி விட்டு வாசித்தால் நொடிக்கு 10 வாசிப்பு. மின்வழி மிகச் சரியாக 50 ஆக இருந்தால் ஒவ்வொரு வாசிப்பும் அலையின் ஒரே புள்ளியில் விழும், கோடு நேராக இருக்கும். ஆனால் நம் மின்தொகுப்பின் அதிர்வெண் 49.90க்கும் 50.05க்கும் இடையே உலாவும். 50.05 ஆனால் மிச்சமுள்ள 0.05 ஹெர்ட்ஸ் இருபது நொடி அலையாக மடிந்து உள்ளே வந்துவிடும். பார்ப்பதற்கு அசல் உணர்ச்சி மாதிரியே இருக்கும். வந்த பிறகு ஃபில்டர் போட்டுப் பயனில்லை. வாசிக்கும்போதே 20 மில்லிநொடிக்குள் பல முறை வாசித்துச் சராசரி எடுங்கள். அது மின்வழியின் ஒரு முழுச் சுற்று என்பதால் மேலும் கீழும் ஒன்றையொன்று தின்றுவிடும்.

இரைச்சல் இருக்கட்டும், பாதுகாப்பைப் பாருங்கள். மனிதர் மேல் வயர் இருக்கும்போது லேப்டாப் பேட்டரியில்தான் ஓட வேண்டும். எர்த் சரியில்லாத பழைய வீடுகளில் லேப்டாப்பின் உலோக உடலைத் தொட்டாலே சுர்ரென்று இருக்கும். அந்தச் சுர்ரை விரலில் ஜெல் தடவிக் கூப்பிடக் கூடாது.

மேடு இருக்கிறது, ஆனால் மெசேஜ் நேரத்தோடு பொருந்தவில்லை

"அண்ணா, ராத்திரி 9:15க்கு மெசேஜ் பாத்தாங்க. ரியாக்‌ஷனே இல்ல. ஆனா மத்தியானம் 3:45க்கு சும்மா உக்காந்திருந்தப்ப பெரிய மேடு நிக்குது."

"அஞ்சரை மணி நேரம் கூட்டுனியா தம்பி?"

இந்த உரையாடல் எந்த வருடமும் தவறுவதில்லை. கருவிகள் பெரும்பாலும் யூடிசி என்ற உலகப் பொது நேரத்தில் எழுதும். நம் நேரம் அதைவிட அஞ்சரை மணி நேரம் முன்னால். உதாரணமாக, பல ஆய்வகங்களில் இன்னும் இருக்கும் எம்பாட்டிகா ஈ4 பட்டையின் சிஎஸ்வி கோப்பில் முதல் வரி தொடக்க நேரம், யூடிசி-யில். இரண்டாவது வரி நொடிக்கு எத்தனை வாசிப்பு என்பது. தோல் மின்கடத்தலுக்கு 4. இந்த இரண்டு வரியையும் டேட்டா என்று நினைத்துப் படித்தால் கிராஃபின் தொடக்கத்தில் வானம் தொடும் ஒரு தூண் நிற்கும். நேர எண்ணில் 10 இலக்கம் இருந்தால் நொடி, 13 இருந்தால் மில்லிநொடி.

அஞ்சரை மணி நேரம் சரியானாலும் வேலை முடியவில்லை. ஆண்ட்ராய்டு போனில் வாட்ஸ்அப் சாட்டை எக்ஸ்போர்ட் செய்தால் மணியும் நிமிடமும்தான் வரும், நொடி வராது. 3 நொடியில் எழும் மேட்டை 60 நொடி அகலமுள்ள நேரத்தோடு எப்படிப் பொருத்துவீர்கள்? ஐபோன் எக்ஸ்போர்ட்டில் நொடி இருக்கும். இருந்தாலும் அது படித்த நேரம் இல்லை. மெசேஜ் வந்தது ஒரு நேரம், நோட்டிஃபிகேஷனில் பாதி தெரிந்தது இன்னொரு நேரம், திறந்து முழுசாகப் படித்தது வேறொரு நேரம்.

அதனால் எக்ஸ்போர்ட்டை விடுங்கள். திரையை ரெக்கார்ட் செய்யுங்கள். தொடுதலைத் திரையில் காட்டும் வசதியை ஆன் செய்துவிட்டு, பட்டை கட்டிய கையால் திரையை மூன்று முறை பலமாகத் தட்டச் சொல்லுங்கள். பட்டையின் அசைவு சென்சாரில் மூன்று முள், வீடியோவில் மூன்று புள்ளி. இரண்டையும் ஒட்டிவிடலாம். முடியும்போதும் இதே மூன்று தட்டு வேண்டும். இரண்டு கடிகாரமும் வழியில் விலகியிருந்தால் அப்போதுதான் தெரியும். விரல் எலக்ட்ரோடு மட்டும் என்றால் தட்டிய அதிர்ச்சியே கோட்டில் தெரியும்.

மெசேஜ் வருவதற்கு முன்பே மேடு எழுகிறது

நேரம் சரிபார்த்த பிறகும் இப்படி வந்தால் சந்தோஷப்படுங்கள். பெரும்பாலும் இது பிழையே இல்லை. எதிர்முனையில் 'டைப்பிங்' என்று ஓடத் தொடங்கியதும் உடம்பு தயாராகிவிடுகிறது. நீல டிக் விழுந்து பதில் வராத அந்த அரை நிமிடத்தில் வரும் மேடு, பதிலுக்கு வரும் மேட்டைவிட உயரமாக இருப்பதைப் பார்த்திருக்கிறேன். அதனால் மெசேஜை மட்டும் நிகழ்வாகக் குறிக்காமல், டைப்பிங் தோன்றியது, போன் அதிர்ந்தது, டிக் நிறம் மாறியது என எல்லாவற்றையும் வீடியோ பார்த்துக் குறியுங்கள். வாய்ஸ் நோட் என்றால் பிளே அழுத்திய நேரத்தைக் குறித்துப் பயனில்லை. எந்தச் சொல் விழுந்தது, எந்த நொடியில் என்று கேட்டுக் குறிக்க வேண்டும். சலிப்பான வேலைதான். வேறு வழியில்லை.

எல்லா மெசேஜுக்கும் மேடு வருகிறது

சும்மா உட்கார்ந்திருந்தாலும் நிமிடத்துக்கு 1 முதல் 3 மேடு தானாக வரும். கணக்குப் போடுங்கள்: நிமிடத்துக்கு 3, நீங்கள் மேட்டைத் தேடும் நேர ஜன்னல் மெசேஜுக்குப் பிறகு 4 நொடி. 12ஐ 60ஆல் வகுத்தால் ஐந்தில் ஒன்று. எந்த உணர்ச்சியும் இல்லாமலே 20 மெசேஜில் 4க்கு 'எதிர்வினை' கிடைத்துவிடும்.

அதனால் ஒப்பிட உப்புச் சப்பில்லாத மெசேஜும் வேண்டும். கரண்ட் பில், ஓடிபி, குடும்ப குரூப்பில் வரும் குட் மார்னிங் பூ. இவற்றுக்கு எத்தனை மேடு வருகிறதோ அதைத் தாண்டினால்தான் பேச்சு. இரண்டு மெசேஜுக்கு நடுவில் பத்துப் பதினைந்து நொடி விடுங்கள், இல்லையென்றால் ஒன்றின் இறக்கத்தில் இன்னொன்றின் ஏற்றம் உட்கார்ந்துவிடும். முதல் மெசேஜை எப்போதும் ஒதுக்குங்கள். புதிதாக எது வந்தாலும் உடம்பு திரும்பிப் பார்க்கும்.

சந்தோஷமும் கோபமும் ஒரே மாதிரி தெரிகிறது

தெரியத்தான் செய்யும். இதைக் கோளாறு என்று கொண்டுவருபவர்கள்தான் அதிகம். உளவியலாளர் ஜேம்ஸ் ரஸல் 1980இல் முன்வைத்த வட்ட மாதிரியில் உணர்ச்சிக்கு இரண்டு அச்சு உண்டு: இனிமையா கசப்பா என்பது ஒன்று, எவ்வளவு கிளர்ச்சி என்பது இன்னொன்று. வியர்வை சென்சாருக்குத் தெரிவது இரண்டாவது மட்டும். 'பொண்ணு வீட்ல சரின்னு சொல்லிட்டாங்க' என்ற மெசேஜுக்கும், 'உங்கள் கணக்கிலிருந்து 49,000 ரூபாய் எடுக்கப்பட்டது' என்ற மெசேஜுக்கும் ஒரே உயரத்தில் மேடு நின்றால் சென்சார் ஒழுங்காக வேலை செய்கிறது என்று அர்த்தம். இந்த ஒரு கோட்டைக் கொடுத்துக் கோபம், சோகம், மகிழ்ச்சி என்று பிரிக்கப் பழக்கிய கணினி மாடல் 90 சதவீதம் துல்லியம் காட்டினால், ஒரே ஆளின் டேட்டா பயிற்சியிலும் சோதனையிலும் கலந்திருக்கிறதா என்று பாருங்கள். ஆளையே அடையாளம் கண்டுகொண்டு மாடல் பாஸ் ஆகிவிடும். ஒருவரை முழுசாக வெளியே நிறுத்திவிட்டுச் சோதியுங்கள். எண் மளமளவென்று இறங்கும்.

முதல் அச்சை அறிய ஆளைத்தான் கேட்க வேண்டும். பேச்சு முடிந்த பிறகு திரை ரெக்கார்டிங்கைப் போட்டுக் காட்டி, ஒவ்வொரு இடத்திலும் எவ்வளவு பிடித்தது, எவ்வளவு படபடப்பு என 1 முதல் 9 வரை குறிக்கச் சொல்லுங்கள். பிராட்லியும் லாங்கும் 1994இல் விவரித்த பொம்மைப் பட அளவுகோல் இதற்கு வசதி. எழுத்தே கிடையாது, பாட்டிக்கும் கொடுக்கலாம். நடுநடுவே நிறுத்திக் கேட்டால் உங்கள் கேள்விக்கே மேடு எழும்.

வாட்ச் இதயத்துடிப்பில் எதுவுமே தெரியவில்லை

சாதாரண வாட்ச் பச்சை ஒளியால் நாடி பார்த்து, பல நொடிச் சராசரியைத் தருகிறது. ஒரு மெசேஜின் விளைவு அதில் கரைந்துவிடும். துடிப்புகளுக்கு இடையேயான ஏற்ற இறக்கத்தைப் பார்க்க வழக்கமான அளவு 5 நிமிடம். ஆகவே அது முழு உரையாடலைப் பற்றிச் சொல்லலாம், ஒரு வரியைப் பற்றி அல்ல. வாய்ஸ் கால் என்றால் பேசும்போது மூச்சின் தாளம் மாறி இதயத் தாளமும் மாறும். வாட்ச் தரும் 'ஸ்ட்ரெஸ் ஸ்கோர்' எண்ணை அறிக்கையில் போடாதீர்கள். அது எப்படி வந்தது என்று எக்ஸாமினர் கேட்டால் உங்களிடம் பதில் இருக்காது.

நடுவில் டேட்டா காணாமல் போகிறது

பெரும்பாலும் போனின் பேட்டரி சேமிப்பு, பின்னணியில் ஓடும் சென்சார் ஆப்பைக் கொன்றிருக்கும். அந்த ஆப்புக்கு மட்டும் கட்டுப்பாட்டை நீக்குங்கள். பட்டையிலேயே சேமிக்கும் வசதி இருந்தால் ப்ளூடூத்தை நம்பவே வேண்டாம்.

ஆள் சம்மதித்துவிட்டார், ஆனால் எதிர்முனை?

கிராஃபில் தெரியாத கோளாறு இது. சாட்டில் இரண்டு பேர் இருக்கிறார்கள், படிவத்தில் ஒருவர் கையெழுத்துதான் இருக்கிறது. கல்லூரி நெறிமுறைக் குழு ஐசிஎம்ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) 2017இல் தந்த வழிகாட்டுதலைக் காட்டி இங்கேதான் நிறுத்தும். 2023இன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் இருக்கிறது. திரை ரெக்கார்டிங்கை அந்த ஆளின் எதிரிலேயே பார்த்து, மெசேஜுக்குப் பதில் வகையை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்: நல்ல செய்தி, திட்டு, காத்திருப்பு, சும்மா. எதிர்முனைக்காரருக்கும் ஒரு படிவம் கொடுங்கள். அவர் மறுத்தால் அந்த சாட் வேண்டாம், நீங்களே எழுதிய மெசேஜ்களை அனுப்பிச் செய்யலாம். குறித்து முடித்ததும் வீடியோவைச் சென்சார் மாட்டிய ஆளின் கையாலேயே அழிக்கச் சொல்லிவிடுங்கள். கூகுள் போட்டோஸில் தானாக ஏறிய பிரதியையும் சேர்த்து.